ட்ரைட்டனின் காற்றும் நாற்பத்தொன்றாம் பக்கமும்

அம்மாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஃப்ரீசரில் கட்டியிருந்த பனியை எடுத்தது. வியாழக்கிழமை மத்தியானம். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள் ஆகியிருந்தது. சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் செய்தாள். நான் பழந்துணி விரித்துத் தரையில் முட்டி போட்டிருந்தேன்.

"கத்தியைக் கீழ வை. குழாய்ல ஓட்டை போட்டுடுவே."

"நான் இஞ்சினியர்மா."

"அதனாலதான் பயமா இருக்கு."

சுடுதண்ணீர்க் கிண்ணத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னாள். சாத்தினேன். அரை நிமிடத்தில் திறந்து பார்த்தேன்.

"பத்து நிமிஷம்னு சொன்னேன். அது தானா விட்டு விழும். பொறுமைங்கறது உங்கப்பா வழியிலயும் இல்ல, உங்கிட்டயும் இல்ல."

"உன் வழியில மட்டும் கொட்டிக் கிடக்குதாக்கும்."

பின்சுவரில் பனி மூன்று விரல் கனம். கதவுப் பக்கம் ஒன்றுமில்லை. அவள் அதைக் கைத்தடியால் சுட்டிக் காட்டினாள்.

"பாத்தியா? எங்க குளிர் ஜாஸ்தியோ அங்க போய்ப் படியும். மத்த இடம் காஞ்சு கிடக்கும். முப்பது வருஷமா இதைத்தான் சொல்றேன். ஒருத்தனுக்கும் உறைக்கல."

"ஃப்ரிட்ஜைப் பத்தியா?"

"ட்ரைட்டனைப் பத்திடி, மக்கு."

பனி ஒரே பாளமாக விழுந்தது. தூக்கித் தொட்டியில் போட்டேன். தரையைத் துடைத்தேன். நான் துடைத்தது சரியில்லை என்றாள். நானும் பதிலுக்கு ஏதோ சொன்னேன். சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் குளியலறைக்குப் போனவள் அங்கேயே விழுந்து இறந்தாள். இதயம். வயது அறுபத்து நாலு.

ட்ரைட்டன், நெப்டியூனின் பெரிய நிலவு. அதன் தரை பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்று முப்பத்தைந்து டிகிரி. அங்கே நைட்ரஜன் பனியாகக் கிடக்கிறது. அந்தப் பனியிலிருந்து கொஞ்சம் ஆவியாகி, பேருக்கு ஒரு காற்றாக நிற்கிறது. நம் காற்றழுத்தத்தை எழுபதாயிரமாகக் கூறுபோட்டால் அதில் ஒரு கூறு. தரை ஒரு டிகிரி சூடேறினால் போதும், காற்று ஒன்றேமுக்கால் மடங்காகும். ஒரு டிகிரி குளிர்ந்தால் அதேபோல் சுருங்கும். அந்தக் காற்று பருக்கிறதா இளைக்கிறதா என்று பார்ப்பதுதான் அம்மாவின் உத்தியோகம்.

நான் சிலிண்டர் தொழிற்சாலையில் அழுத்தமானிகளைச் சரிபார்ப்பவள். "நீ அளக்கிற அழுத்தத்துல என் நிலாவோட காத்து ஒரு தும்மல்கூட இல்ல" என்பாள். பெருமையாகத்தான் சொல்வாள். குறைந்த அழுத்தத்தை அளப்பவர்கள் உயர்ந்த சாதி என்று அவளுக்கு எண்ணம்.

அவளுடைய அப்பா பஸ் நிலையத்துக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருந்தார். மாமா, அதாவது அவள் தம்பி, இதை வைத்து ஒரே நகைச்சுவையை முப்பது வருடம் ஓட்டினார். "எங்கப்பா காத்தடிச்சாரு. எங்கக்கா காத்தை எண்ணுறா. குடும்பமே காத்துல பொழைக்குது."

"நீ மட்டும் என்ன, அளந்து விடுறியே" என்பாள் அம்மா. மாமா இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்.

காற்றை அளக்கும் முறை இது. எப்போதாவது ட்ரைட்டன் ஒரு நட்சத்திரத்தின் முன்னால் கடந்துபோகும். வெறும் பாறை என்றால் நட்சத்திரம் சுவிட்ச் போட்டதுபோல அணையும். காற்று இருப்பதால் ஒளி வளைந்து, சரிந்து, மெதுவாக மங்கும். அந்தச் சரிவின் வடிவத்திலிருந்து அழுத்தம் கிடைக்கும். மொத்தம் இரண்டரை நிமிடம். அடுத்த வாய்ப்புக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவள் ஆயுளில் அவளுக்கு வாய்த்தவை ஆறு. மூன்றை மேகம் தின்றது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மறைக்கும் நேரத்தில் நிலவும் நட்சத்திரமும் ஒரே புள்ளியாகத் தெரியும். நட்சத்திரம் மங்கியபின் மிச்சமிருக்கும் வெளிச்சத்தில் நிலவின் பங்கு எவ்வளவு என்று தெரியாவிட்டால் கணக்கு குட்டிச்சுவர். அதனால் மறுநாள் இரண்டும் விலகி நிற்கும்போது தனித்தனியாகப் படம் எடுத்துப் பங்கு பிரிக்க வேண்டும். அதே கேமரா, அதே அமைப்பு, ஒரு துளியும் மாறக் கூடாது. இதை அம்மா பாகப்பிரிவினை என்பாள். "சொத்துல ஏமாத்தினாக்கூடப் பரவால்ல. இதுல ஏமாந்தா முப்பது வருஷம் போச்சு."

முப்பது போகவில்லை. இருபத்திரண்டுதான்.

அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு, எனக்குப் பதினாறு. அப்பா அதற்கு ஏழு வருடம் முன்பே வேறு வீடு பார்த்துக்கொண்டார். அவள் மலைமேல் இருக்கும் தொலைநோக்கிக்குப் போயிருந்தாள். மாமா எனக்குக் காவல். அவளோடு போனவர் அவளுடைய இளநிலை ஆய்வாளர், அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். அவர் அவளை "அக்கா" என்பார். அவர் முடியை வகிடெடுத்து வாரி, சட்டையை உள்ளே விட்டு, எல்லோருக்கும் கதவு திறந்துவிடுவார். அம்மா அவருக்கு நல்லபிள்ளை என்று பெயர் வைத்திருந்தாள். அப்போது அது செல்லப்பெயர்.

நட்சத்திரம் மறைந்தது. மேகம் இல்லை. இரண்டரை நிமிடமும் முழுதாகக் கிடைத்தது. மிச்சம் மறுநாளின் பாகப்பிரிவினை மட்டும்.

மறுநாள் பகலில் நல்லபிள்ளை தூங்கிக்கொண்டிருந்தார். அது அங்கே வழக்கம்தான், இரவு வேலை பார்ப்பவர்கள் பகலில் தூங்குவார்கள். அம்மா எழுந்து, கேமராவுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் ஒன்றைக் கையால் செருகினாள். சனியின் நிலவான டைட்டனின் புகைமூட்டத்தை அந்தி வெளிச்சத்திலேயே எடுத்துவிட்டு, பிறகு ஃபில்டரை உருவிவிட்டு ட்ரைட்டன் வேலையைத் தொடங்குவது அவள் திட்டம். அப்போது போன் வந்தது. மாமா.

"அக்கா, புள்ளைக்கு நூத்தி மூணு ஜுரம். நீ உடனே வா."

ஜுரம் இல்லை. கணக்குப் பரீட்சை இருந்தது. வெப்பமானியை டீ டம்ளரில் முக்கியிருந்தேன். என் முதல் கருவி மோசடி அதுதான். அம்மா ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்து, வெப்பமானியை முகர்ந்து பார்த்து, "டீ வாசனை வருது" என்றாள். அறைந்தாள். பிறகு நாங்கள் சண்டை போட்ட ஒவ்வொரு தடவையும் அந்த டீயை எடுத்து என் தலையில் ஊற்றினாள். "அன்னைக்கு மட்டும் நீ..." என்று ஆரம்பிப்பாள். முடிக்க விடமாட்டேன்.

ஆனால் மலையை விட்டுக் கிளம்புவதற்கு முன் அவள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் வந்தாள். ஏணி ஏறி ஃபில்டரை உருவ நேரமில்லை. கீழ்த்தளத்து அலுவலக அறையில் இருந்த பதிவேட்டில் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தாள். அதில் அதுவரை எல்லாம் பென்சிலில் எழுதியிருந்தது. எச்சரிக்கை என்பதால் மேசைமேல் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு வரி எழுதினாள்: சிவப்பு ஃபில்டர் உள்ளே இருக்கிறது, எடுத்துவிட்டுத் தொடங்கவும். எழுதி, பதிவேட்டைக் கொண்டுபோய்த் தொலைநோக்கிக்குக் கீழே அதன் பலகையில் வைத்துவிட்டு, நாலு மணிப் பஸ்ஸைப் பிடித்தாள்.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. வேலையை ஏற்பவர், முன்னவர் எழுதிய பக்கத்தைப் படித்து, அடியில் சுருக்கொப்பம் போடுவார். பிறகு தாளைத் திருப்பிப் புதுப் பக்கத்தில் தொடங்குவார். நல்லபிள்ளை நாற்பத்தொன்றாம் பக்கத்தின் அடியில் சுருக்கொப்பம் போட்டார். தாளைத் திருப்பினார். ஃபில்டரை எடுக்கவில்லை.

நட்சத்திரம் நீலச் சாயல், ட்ரைட்டன் செம்மைச் சாயல். சிவப்பு ஃபில்டர் வழியாகப் பார்த்தால் நிலவின் பங்கு கூடுதலாகத் தெரியும். கூடுதலாகக் கழித்தால் நட்சத்திரம் உண்மையைவிட ஆழமாக மங்கியதுபோல் வரும். அப்படி வந்தால் காற்று அடர்த்தி என்று அர்த்தம். வந்த விடை: ட்ரைட்டனின் காற்று கிடுகிடுவென்று பருக்கிறது. கட்டுரை வெளியானது. முதல் பெயர் நல்லபிள்ளை, இரண்டாவது அம்மா. ஊரெல்லாம் மேற்கோள் காட்டியது.

இரண்டு வருடம் கழித்து வேறு படங்களோடு ஒப்பிட்டபோது அம்மாவுக்குப் பங்குக் கணக்கு உதைத்தது. பதிவறைக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்தாள். அவள் எழுதிய சிவப்பு வரி அப்படியே இருந்தது. அதன் கீழே அவன் சுருக்கொப்பம். (இனி "அவன்" என்றே எழுதுகிறேன். அம்மா அன்றிலிருந்து அப்படித்தான் சொன்னாள்.)

"படிச்சுட்டுதானே ஒப்பம் போட்டே? அப்புறம் ஏன் எடுக்கல?"

"அக்கா, அங்க அப்படி எதுவும் எழுதியில்ல."

"இதோ இருக்கே. உன் ஒப்பத்துக்கு மேலயே இருக்கே."

"நான் பாத்தப்ப இல்ல."

"அப்ப எப்ப வந்துது? முட்டை போட்டுதா?"

விவகாரம் மேலிடத்துக்குப் போனது. மூன்று பேர் கொண்ட குழு, ஒரு மத்தியானம், குழல்விளக்கு எரியும் ஒரு கூட்ட அறை. எல்லாம் பென்சிலில் இருக்கும் பக்கத்தில் ஒரு வரி மட்டும் மையில் ஏன் என்று அம்மாவைக் கேட்டார்கள். எச்சரிக்கை என்றாள். அவன், அந்த இடம் காலியாக இருந்தது, என் பிள்ளைகள்மேல் சத்தியம் என்றான். பட்டறைக்காரர் ஒருத்தர் இருந்தார், அந்த ஃபில்டர் தட்டைக் கடைசலில் கடைந்து கொடுத்தவர். அடுத்த வாரம் பராமரிப்புக்குப் போனபோது சிவப்பு ஃபில்டர் உள்ளேதான் இருந்தது என்று சாட்சி சொன்னார்.

"ஒரு வாரத்துல யாரு வேணா செருகியிருக்கலாமே?" என்றார் தலைவர்.

"யாரு வேணா செருகுறதுக்கு அது என்ன சார், பூட்டுல சாவியா?" என்றார் பட்டறைக்காரர். அதோடு அவர் சாட்சி முடிந்தது.

தீர்ப்பு ஒரே வாக்கியம். அந்தப் பதிவு எப்போது எழுதப்பட்டது என்று உறுதிசெய்ய இயலவில்லை. யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் உறுதிசெய்ய இயலாத வரி யாருடைய கையெழுத்து என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தாழ்வாரத்தில் ஒரு மாணவன் இன்னொருவனிடம், "முன்தேதி போட்டு எழுதுறதுல அவங்க கில்லாடி" என்றதை அவளே கேட்டாள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கினாள்.

அதன்பின் இருபது வருடம். தொலைநோக்கி நேரம் கேட்டு அவள் எழுதிய விண்ணப்பம் ஒவ்வொன்றும் "இடமில்லை" என்று திரும்பியது. அவள் அறையை ஜெனரேட்டர் பக்கம் மாற்றினார்கள். ஜெனரேட்டர் ஓடும்போது மேசையில் பென்சில் நடந்துபோகும். அவள் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு லென்ஸின் குவியத்தூரம் அளக்கச் சொல்லிக்கொடுத்தாள். மற்றவர்களின் தரவை வாங்கி, வரைதாளில் புள்ளி புள்ளியாகக் கையால் வைத்து வளைகோடு வரைந்தாள். கம்ப்யூட்டர் நொடியில் வரைந்து தரும். "அது புள்ளியைக் காட்டும். ஏன் அங்க இருக்குன்னு கேக்காது" என்பாள். எங்கள் வீட்டு நடையில் அலமாரிக்குப் பதில் வரைதாள். விருந்தாளி வந்தால் சட்டை மாட்ட ஆணி கிடையாது.

அவள் கணக்குப்படி காற்று பருக்கவில்லை. ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. மூன்று தடவை எழுதி அனுப்பினாள். மூன்று தடவையும் ஒரே பதில்: முந்தைய நேரடி அளவீட்டோடு முரண்படுகிறது. முந்தைய நேரடி அளவீட்டில் இரண்டாவது பெயர் அவளுடையதுதான்.

அவன் இணைப் பேராசிரியர் ஆனான். துறைத் தலைவன் ஆனான். அவள் ஓய்வுபெற்ற வருடம் இயக்குநர் ஆனான். எதிரே வந்தால் "மேடம்" என்று நின்று வழிவிடுவான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு போவாள். அவளுடைய வழியனுப்பு விழாவுக்கு அவன் வாங்கி வைத்த மாலையை நாற்காலியிலேயே போட்டுவிட்டு வந்தாள். "நாற்காலிக்குப் பொருத்தமா இருந்துது" என்றாள்.

பாவம் என்று எனக்குத் தோன்றியதில்லை. அவளோடு இருப்பது லேசு இல்லை. அவள் யாரையும் நம்பவில்லை. நான் கொடுத்த சில்லறையைக்கூட இரண்டு முறை எண்ணுவாள். என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம் நேரடியாக, "நீங்க எழுதினதை நீங்களே இல்லைன்னு சொன்னதுண்டா?" என்று கேட்டாள். அவர் டீ குடித்துவிட்டுப் போனவர்தான்.

கடைசி ஆஸ்பத்திரிவாசத்தின் மூன்றாம் நாள். காலை பதினோரு மணி இருக்கும். அம்மாவின் விரலில், ரத்தத்தில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப் மாட்டியிருந்தது. உள்ளே சிவப்பாக எரியும். நர்ஸ் வந்து கட்டில் அட்டையில் சிவப்புப் பேனாவால் "உப்பு கூடாது" என்று எழுதிவிட்டுப் போனாள். அம்மா அட்டையை எடுத்து மடியில் வைத்து, தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்தாள். படிக்கும்போது சும்மா இருக்க மாட்டாள், விரல் வரியோடு ஓடும். கிளிப் கழன்று தாளில் விழுந்தது.

நான் ஜன்னலோரம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் கட்டிலில் அம்மா இல்லை. போர்வை ஒரு கூடாரமாக நின்றது. இயந்திரம் கீச் கீச் என்று கத்தியது.

நர்ஸ் ஓடி வந்தாள். "அம்மா! என்ன பண்றீங்க உள்ள? கிளிப்பை ஏன் கழட்டினீங்க?"

"உசுரு இருக்கு. போ" என்றது போர்வை.

"மேடம், நீங்க சொல்லுங்க அவங்களுக்கு."

"சொல்லிக் கேக்கிற ஆளா இருந்தா உங்க ஆஸ்பத்திரிக்கு ஏன் வருது" என்றேன்.

போர்வைக்குள்ளிருந்து கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. "நீ உள்ள வா."

முப்பத்தெட்டு வயதில், நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்க, அம்மாவின் போர்வைக்குள் தலையை விட்டேன். உள்ளே மருந்து வாசனையும் அவள் மூச்சும். அட்டையை முகத்தருகே பிடித்திருந்தாள். கிளிப்பின் சிவப்பு வெளிச்சம் தாளில் ஒரு நாணயம் அளவு விழுந்தது.

"படி."

"எதைம்மா?"

"லைட்டு விழுற இடத்தை."

"ஒண்ணும் எழுதியில்ல."

வெளிச்சத்தை நகர்த்தினாள். நீலப் பேனாவில் எழுதிய அவள் எடை கறுப்பாகத் தெரிந்தது. மறுபடி பழைய இடத்துக்கு நகர்த்தினாள். வெறும் தாள்.

"என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"அவனுக்கும் ஒண்ணும் இல்ல" என்றாள்.

எனக்கு ஒரு கணம் ஆனது. தொலைநோக்கிக் கூண்டுக்குள் வெள்ளை விளக்கு போடமாட்டார்கள். கண் இருட்டுக்குப் பழகியது கெட்டுவிடும் என்று சிவப்பு விளக்குதான். சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைத்தாளும் சிவப்பு மையும் ஒன்றுபோலவே ஒளிரும். நர்ஸ் எழுதிய "உப்பு கூடாது" காணாமல் போனது அப்படித்தான். எழுத்து இருக்கும். கண்ணுக்கு இருக்காது. அவன் நேரம் கழித்து எழுந்து நேராகக் கூண்டுக்குப் போய், சிவப்பு விளக்கில் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறான். பென்சில் வரிகள் தெரிந்திருக்கும். அதன்கீழ் காலி. ஒப்பம் போட்டுத் தாளைத் திருப்பியிருக்கிறான். குழுவும் சரி, இவர்கள் இரண்டு பேரும் சரி, அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்ததெல்லாம் குழல்விளக்கில்.

போர்வையை விலக்கினாள். முடியெல்லாம் கலைந்திருந்தது.

"வெளிச்சத்தை வெச்சுப் பொழச்சவடி நான். இருபது வருஷம். கேவலம் ஒரு சிவப்பு லைட்டு."

"உனக்கு ஏன் தோணல?"

"அவன் பொய் சொல்றான்னு தெரிஞ்சதுக்கப்புறம் வேற என்ன தோணணும்?"

அழவில்லை. நர்ஸ் கிளிப்பை மறுபடி மாட்டும்வரை விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைத் திட்ட ஆரம்பித்தாள், ஆரஞ்சில் விதை இருந்ததாம்.

அன்று சாயங்காலம் நான் போனை எடுத்து நீட்டினேன். "கூப்பிட்டுச் சொல்லிடு."

"போன்லயா? பதிவேட்டை வெளிய எடுக்கணும். அந்த ரூம் லைட்டை அணைச்சு, சிவப்பு லைட்டைப் போட்டு, அவன் மூஞ்சிக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைத் திறக்கணும். அப்புறம் வெள்ளை லைட்டு. அவன் பாக்கணும், நான் அவனைப் பாக்கணும்."

"மன்னிப்புக் கேக்கப் போறியா?"

"எதுக்கு? சிவப்புப் பேனாவை எடுத்தது என் முட்டாள்தனம். விடிஞ்சப்புறம் ஒரு தரம் பின்னாடி புரட்டிப் பாக்காதது அவன் முட்டாள்தனம். ரெண்டு முட்டாளும் நேர்ல பாத்துக்கட்டும்."

எனக்கு ஆறவில்லை. "அப்ப அவன் யோக்கியன் ஆயிடுவான்மா. இருபது வருஷம் உன்னை ஜெனரேட்டர் பக்கத்துல உக்கார வெச்சான். நல்லவன்னு பேரோட போயிடுவான்."

"போகட்டுமே. அவன் யோக்கியன்னு ஆனாத்தான்டி நான் கள்ளி இல்லைன்னு ஆகும். ஒண்ணை விட்டு ஒண்ணு வராது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அப்புறம் அந்த எண்ணை மாத்தலாம். நிலா என்ன பாவம் பண்ணுச்சு? அது போடாத சதையை அது தலையில கட்டியிருக்கோம்."

வீட்டுக்கு வந்தபின் தினமும் நாளைக்குப் போகிறேன் என்றாள். மாடிப்படி இறங்கினால் மூச்சு வாங்கியது. நான் அழைத்துப்போகிறேன் என்றால், "நீ வந்தா அவன்கூடச் சண்டை போடுவே. எனக்கு அன்னைக்கு சண்டை வேணாம்" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வாக்கியத்தை நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

எல்லாம் முடிந்த நாலாம் நாள் இயக்குநர் வீட்டுக்கு வந்தான். தனியாக, காரைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்து. வகிடு அப்படியே இருந்தது, முடிதான் இல்லை. மாமா நாற்காலி இழுத்துப் போட்டார். மாமாவுக்கு உயர்பதவியில் இருப்பவர்களைப் பார்த்தால் பாலிசி ஞாபகம் வரும்.

அவன் நடையில் நின்று வரைதாள்களைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். "இதெல்லாம் அக்கா கையால போட்டதா?"

"எந்த அக்கா?" என்றேன்.

மாமா என்னை முறைத்தார். அவன் உட்கார்ந்தான். கருத்தரங்க அறைக்கு அம்மா பெயரை வைக்கப் போவதாகச் சொன்னான்.

"ஜெனரேட்டர் பக்கத்துல இருக்கிற அறையா?"

"இல்லம்மா. முதல் மாடி."

"மாடி ஏற அவங்களுக்கு மூச்சு வாங்கும். பரவால்ல, இப்ப வாங்காது."

"ஏய்" என்றார் மாமா.

"இருக்கட்டும் சார். அவங்க பொண்ணு, வேற எப்படிப் பேசும்" என்றான். டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு யாரும் கேட்காமலே சொன்னான். "நான் பொய் சொல்லலம்மா. அந்த வரி அங்க இல்ல. இப்பவும் கண்ணை மூடினா அந்தப் பக்கம் தெரியுது, பென்சில்ல ஒன்பது வரி, கீழ காலி. சில சமயம் எனக்கே சந்தேகம் வரும். நான் என்ன பைத்தியமா? அக்கா எழுதிச் சேக்கிற ஆள் இல்ல. அதுவும் எனக்குத் தெரியும். ரெண்டும் எப்படி ஒண்ணா நெசமா இருக்கும்?"

நான் அவன் எதிரே ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு வாக்கியம் போதும். சொன்னால் அம்மாவின் பெயர் அந்த நிமிடமே துடைத்து எடுத்ததுபோல் ஆகும். அவன் இருபது வருடம் தூங்காத தூக்கத்தையும் அன்று இரவே தூங்குவான். பென்சில் நடந்துபோன அந்த மேசையை நினைத்தேன்.

"டீ ஆறுது" என்றேன்.

குடித்தான். எழுந்தான். வாசலில் செருப்பு மாட்டும்போது, அம்மாவின் நோட்டுப் புத்தகங்களைப் பதிவறைக்குத் தர முடியுமா என்று கேட்டான். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. அவன் தெருமுனை திரும்பும்வரை மாமா வாசலிலேயே நின்றார்.

"நல்ல மனுஷனா இருக்கானே. உங்கம்மா ஏன்டி அவனை அந்தக் கரி கரிச்சா?"

"அவங்களையே கேளுங்க" என்று உள்ளே போனேன்.

சாயங்காலம் அவளுடைய தோள்பையைக் காலி செய்தேன். மாத்திரைப் பட்டை, கண்ணாடிக் கூடு, பஸ் அட்டை, கடைசல் பட்டறையில் செய்ததுபோல் பித்தளைப் பிடி வைத்த ஒரு சின்ன சிவப்பு விளக்கு. அதைப் பட்டறைக்காரரிடம் சொல்லிச் செய்து வாங்கியிருக்கிறாள், எனக்குத் தெரியாமல். பக்க ஜிப்பில் நாலாக மடித்த ஒரு காகிதம்: பதிவறையில் பழைய பதிவேட்டைப் பார்வையிட நிரப்பித்தர வேண்டிய விண்ணப்பச் சீட்டு. அவள் கையெழுத்தில் நிரப்பியிருந்தது.

பதிவேட்டு எண். பக்கம்: 41. பார்வையிடுபவர் என்ற இடத்தில் அவள் பெயர். உடன் வருபவர் என்ற இடத்தில் அவன் பெயர், முன்னால் டாக்டர் போட்டு, முதலெழுத்துகூட விடாமல். பார்வையிடும் காரணம்: விளக்கை அணைத்துவிட்டு இருவரும் சேர்ந்து படிக்க. நாள்: திங்கட்கிழமை, காலை பத்து மணி. அடியில் அச்சடித்த ஒரு குறிப்பு, விண்ணப்பதாரர் இந்தச் சீட்டை நேரில் வந்து தர வேண்டும் என்கிறது.

அந்தத் திங்கட்கிழமை அவள் இறந்த மூன்றாம் நாள்.